ஃபேக்டர் 8 இன்ஹிபிட்டர் பரிசோதனை: சாம்பிள் குழாயிலிருந்து பெதெஸ்டா அலகு வரை

தீவிர ஹீமோபிலியா ஏ (ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் பிறவியிலேயே இல்லாத நோய்) உள்ள குழந்தை. முழங்கால் வீங்கினால் ஒரு டோஸ் ஃபேக்டர் 8 போட்டதுமே அடங்கிவிடும். இந்தத் தடவை மூன்று டோஸ் போயும் வீக்கம் அப்படியே நிற்கிறது. மருத்துவர் விண்ணப்பத் தாளில் ‘இன்ஹிபிட்டர்’ என்று எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். அந்தச் சாம்பிள் வந்து சேர்ந்ததிலிருந்து அறிக்கை வெளியே போகும் வரை என்னென்ன செய்ய வேண்டும், எங்கெங்கே வழுக்கும் என்பதை இங்கே சொல்கிறேன். உறைதல் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களையும் மாணவர்களையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுக்குப் பொருள் தேடும் பெற்றோருக்கும் பல பகுதிகள் புரியும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பிறவியிலேயே ஃபேக்டர் 8 இல்லாத உடலுக்கு, வெளியிலிருந்து ஏற்றப்படும் ஃபேக்டர் 8 ஓர் அந்நியப் புரதம். சிலருடைய உடல் அதற்கு எதிராக எதிர்ப்பொருள் தயாரித்துவிடுகிறது. இவை ஐஜிஜி வகையைச் சேர்ந்தவை, அதிலும் பெரும்பாலும் ஐஜிஜி4. ஃபேக்டரின் வேலையைத் தடுக்கும் இந்த எதிர்ப்பொருளைத்தான் இன்ஹிபிட்டர் என்கிறோம். தீவிர ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறக்குறைய 25 முதல் 30 சதவீதம் பேருக்கு இது வருகிறது. ஃபேக்டர் 9 இல்லாத ஹீமோபிலியா பி-யில் 5 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. பெரும்பாலும் சிகிச்சையின் முதல் 50 எக்ஸ்போஷர் நாட்களுக்குள், அதிலும் முதல் 20-க்குள் தலைகாட்டும். (ஒரு நாளில் எத்தனை முறை ஃபேக்டர் போட்டாலும் அது ஒரே எக்ஸ்போஷர் நாள்தான்.) ஆகவே ரத்தம் நிற்கவில்லை என்றால்தான் பார்ப்பது என்றில்லாமல், சிறு குழந்தைகளுக்கு ஆரம்ப நாட்களில் இடைவெளி குறித்துப் பார்ப்பார்கள். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2013 வழிகாட்டுதல் முதல் 20 எக்ஸ்போஷர் நாட்கள் வரை 5 எக்ஸ்போஷர் நாளுக்கு ஒரு முறை, 21 முதல் 50 வரை 10 எக்ஸ்போஷர் நாளுக்கு ஒரு முறை, அதன் பிறகு 150 வரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது என்று சொன்னது. அறுவை சிகிச்சைக்கு முன்பும், போட்ட டோஸுக்கு எதிர்பார்த்த அளவு ஃபேக்டர் ஏறாதபோதும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

படி 1: விண்ணப்பத் தாளைப் படியுங்கள்

இந்தப் பரிசோதனையில் முடிவு தவறாகப் போகும் இடம் பெரும்பாலும் கருவி அல்ல, யாரும் நிரப்பாமல் விட்ட விண்ணப்பத் தாள். சாம்பிளைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். கடைசியாக எப்போது, எந்த ஃபேக்டர், எவ்வளவு போட்டார்கள்? ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஏதாவது போகிறதா? கடந்த ஆறு மாதத்தில் எமிசிசுமாப் போட்டிருக்கிறார்களா?

மூன்றாவது கேள்வி கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. எமிசிசுமாப் ஒரு கையால் ஃபேக்டர் 9ஏ-யையும் மறு கையால் ஃபேக்டர் 10-ஐயும் பிடித்து, ஃபேக்டர் 8 செய்ய வேண்டிய இணைப்பு வேலையைத் தானே செய்யும் எதிர்ப்பொருள் மருந்து. அமெரிக்காவில் 2017-ல் ஒப்புதல் பெற்றது. தோலுக்கடியில் போடுவது, வாரத்துக்கு ஒன்றோ மாதத்துக்கு ஒன்றோ போதும். நோயாளிக்கு வரம், ஏபிடிடி (பிளாஸ்மா உறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கும் பரிசோதனை) சார்ந்த பரிசோதனைகளுக்கோ தலைவலி. ரத்தத்தில் கொஞ்சம் இருந்தாலே ஏபிடிடி நார்மலுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். ஏபிடிடியை அடிப்படையாகக் கொண்ட ஒன்-ஸ்டேஜ் ஃபேக்டர் 8 அளவு பொய்யாக மேலே போகும். அந்த அளவை நம்பிப் பெதெஸ்டா (இன்ஹிபிட்டரின் அளவைக் காணும் பரிசோதனை, படி 5-ல் வருகிறது) செய்தால், உள்ளே உண்மையான இன்ஹிபிட்டர் இருந்தாலும் ‘நெகட்டிவ்’ என்றே வரும். சூடாக்கினாலும் இந்த மருந்து போகாது. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய நான்கு வாரம், அதனால் கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு மாதம் வரை தொந்தரவு இருக்கலாம்.

வழி இருக்கிறது. மாட்டு ஃபேக்டர் 9ஏ-யும் ஃபேக்டர் 10-ம் உள்ள குரோமோஜெனிக் (உறையும் நேரத்துக்குப் பதில் நிறத்தை அளக்கும்) கிட்டைப் பயன்படுத்துங்கள். மாட்டுப் புரதத்தை எமிசிசுமாப் அடையாளம் காணாது, எனவே குறுக்கே வராது. கிட் வாங்கும்போதே உள்ளிருக்கும் ரீஏஜென்ட் மனிதனுடையதா மாட்டினுடையதா என்று தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மனித ரீஏஜென்ட் உள்ள குரோமோஜெனிக் கிட்டும் சந்தையில் உண்டு, அது இந்த வேலைக்கு ஆகாது.

எமிசிசுமாப் பற்றிய விவரம் எழுதியிராவிட்டால் வார்டுக்கு போன் போட்டுக் கேளுங்கள். ஒரு நிமிடம் போதும். தீவிர ஹீமோபிலியா என்று எழுதிய சாம்பிளில் ஏபிடிடி 24 நொடி வந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம், முதலில் போனை எடுங்கள்.

படி 2: சாம்பிள்

3.2 சதவீத சோடியம் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாய். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். குறியிட்ட கோடு வரை நிரம்பியிருக்க வேண்டும். குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் பாதிக் குழாயோடு நிறுத்திவிட்டு, “இதை வைத்துச் செய்ய முடியாதா?” என்று கேட்பது வழக்கம். முடியாது. சிட்ரேட் அதிகமாகி ஏபிடிடி பொய்யாக நீளும். அந்தக் குழந்தைக்குச் சின்ன அளவுக் குழாய் எடுத்துக்கொடுப்பதே உதவி. ஹெப்பாரின் வைத்துக் கழுவிய போர்ட்டிலிருந்தோ சென்ட்ரல் லைனிலிருந்தோ எடுக்காமல், கையில் நேரடியாகக் குத்தி எடுப்பதே நல்லது.

முழு ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, குளிரில் ஃபேக்டர் 8 அளவு இறங்கும். அறை வெப்பநிலையிலேயே இருக்கட்டும். நான்கு மணி நேரத்துக்குள் பரிசோதனை செய்யுங்கள், அல்லது பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வையுங்கள். சென்ட்ரிஃபியூஜில் 1500 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி, மேலே உள்ள பிளாஸ்மாவைப் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றி, மறுபடியும் ஒரு முறை சுழற்றுங்கள். மைக்ரோலிட்டருக்கு 10,000-க்கும் குறைவான தட்டணுக்களே மிஞ்ச வேண்டும். இரண்டாவது சுழற்சியை விட்டுவிட்டு உறைய வைத்தால், தட்டணுக்கள் உடைந்து அவற்றின் பாஸ்போலிபிட் (ஒரு வகைக் கொழுப்புப் பொருள்) பிளாஸ்மாவில் கலந்துவிடும். அப்புறம் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் (ஏபிடிடியை நீட்டிக் காட்டும் வேறொரு வகை எதிர்ப்பொருள்) இருந்தால்கூடத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

உறைய வைத்ததை எடுக்கும்போது 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் ஐந்து நிமிடம் வைத்து முழுக்க உருக்குங்கள். மேசையில் வைத்து மெல்ல உருக விட்டால் அடியில் வெண்மையாகத் திரி மாதிரி கிரையோ (குளிரில் பிரியும் புரதப் படிவு) படியும், ஃபேக்டர் 8 அதோடு போய்விடும். உருகியதும் மெதுவாக நாலைந்து முறை கவிழ்த்துக் கலக்குங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம்.

படி 3: மிக்சிங்

நோயாளி பிளாஸ்மாவையும் நார்மல் பூல் பிளாஸ்மாவையும் (ஆரோக்கியமான பலரின் பிளாஸ்மாவைச் சேர்த்தது) சம அளவில் கலந்து ஏபிடிடி பார்ப்பதுதான் மிக்சிங். ஃபேக்டர் குறைவு மட்டும் என்றால் நார்மல் பிளாஸ்மா அதை ஈடுகட்டி நேரம் சரியாகிவிடும். ஃபேக்டர் 8 இன்ஹிபிட்டர் நேரமும் வெப்பமும் கிடைத்தால்தான் முழுதாக வேலை செய்யும். அதனால்தான் கலந்த உடனே ஒரு முறையும், 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி ஒரு முறையும் பார்க்கிறோம். இதற்கு ஒரு கட்டுப்பாட்டுக் குழாயும் வேண்டும்: இரண்டு பிளாஸ்மாவையும் தனித்தனியாக அதே இரண்டு மணி நேரம் சூட்டில் வைத்து, கடைசியில் கலந்து ஏபிடிடி பார்ப்பது. வெறும் சூட்டாலேயே எவ்வளவு ஃபேக்டர் குறைந்தது என்பதை இது காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. நார்மல் பூல் 30 நொடி, நோயாளி 92 நொடி, கலந்த உடனே 38. இரண்டு மணி நேரம் கழித்து 64. தனித்தனியாக வைத்துக் கலந்தது 39. 39-க்கும் 64-க்கும் உள்ள இடைவெளிதான் நமக்கு வேண்டியது. நேரத்தைச் சார்ந்து செயல்படும் இன்ஹிபிட்டர் உள்ளே இருக்கிறது. கலந்த உடனேயே நீண்டு, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் அதே அளவில் நின்றால் லூபஸையோ ஹெப்பாரினையோ நினைக்க வேண்டும். த்ராம்பின் நேரம் பார்த்தால் ஹெப்பாரின் காட்டிக்கொடுத்துவிடும், லூபஸுக்கு டிஆர்விவிடி என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது. இந்த விதிகளைக் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவு அதிகமுள்ள ஃபேக்டர் 8 இன்ஹிபிட்டர் கலந்த உடனேயும் நீட்டிக் காட்டும்.

மிக்சிங் மிகவும் பயன்படுவது வரலாறே இல்லாத நோயாளிக்குத்தான். எழுபது வயதுப் பெரியவர், அல்லது குழந்தை பெற்றுச் சில வாரமான பெண், உடலெங்கும் திட்டுத் திட்டாகக் கன்னிப்போய் வருகிறார். குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லை, ஏபிடிடி மட்டும் நீண்டிருக்கிறது. இது தானாக ஏற்பட்ட ஹீமோபிலியாவாக (தன் சொந்த ஃபேக்டர் 8-க்கே உடல் எதிர்ப்பொருள் தயாரிப்பது) இருக்கலாம், ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து. மிக்சிங்தான் இங்கே திசை காட்டும்.

ஆனால் ஏற்கெனவே ஹீமோபிலியா உறுதியான ஒருவரில், மிக்சிங் சரியாகிவிட்டது என்பதற்காக ‘இன்ஹிபிட்டர் இல்லை’ என்று எழுதாதீர்கள். குறைந்த அளவு இன்ஹிபிட்டரை மிக்சிங் கோட்டைவிடும். அப்படி எழுதிய அறிக்கையை நம்பி அறுவை சிகிச்சைக்குப் போனால் விளைவு மோசமாக இருக்கும். சந்தேகம் என்று வந்துவிட்டால் நேரே பெதெஸ்டாவுக்குப் போங்கள்.

படி 4: சூடாக்குதல்

நேற்று போட்ட ஃபேக்டர் 8 இன்னும் ரத்தத்தில் இருந்தால், அது இன்ஹிபிட்டரை மறைத்துவிடும். முன்பு இதற்காக இரண்டு மூன்று நாள் ஃபேக்டரை நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள். ரத்தம் கசியும் குழந்தையை அப்படிக் காக்க வைப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது பிளாஸ்மாவை 56 டிகிரியில் 30 நிமிடம் வைக்கிறோம். ஃபேக்டர் 8 செத்துவிடும், ஐஜிஜி எதிர்ப்பொருள் அந்தச் சூட்டைத் தாங்கும். ஃபேக்டரோடு ஒட்டிக் கிடந்த எதிர்ப்பொருளும் ஓரளவு விடுபடும்.

30 நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் தெளிவாக இருந்த பிளாஸ்மா பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கும். ஃபைப்ரினோஜன் என்ற புரதம் திரிந்து போனதுதான் காரணம். அதிவேகத்தில் சுழற்றினால் அது அடியில் தங்கிவிடும், மேலே உள்ள தெளிவான பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். பைப்பெட் முனை வெள்ளைப் படிவைத் தொட்டுவிட்டால் மறுபடி சுழற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியின் வெப்பத்தைக் கருவித் திரையை நம்பாமல் தனி வெப்பமானியால் சரிபாருங்கள். சூடு மிகவும் ஏறினால் எதிர்ப்பொருளும் சேதமாகும்.

படி 5: நைமெகன் முறையில் பெதெஸ்டா

1975-ல் கேஸ்பரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை இது, அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில் நடந்த கூட்டத்தின் பெயரே அலகுக்கும் வந்துவிட்டது. சம அளவு நார்மல் பிளாஸ்மாவுடன் கலந்து 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் அதிலுள்ள ஃபேக்டர் 8-ல் பாதியை எவ்வளவு இன்ஹிபிட்டர் அழிக்கிறதோ, அது ஒரு பெதெஸ்டா அலகு.

பழைய முறையில் ஒரு கோளாறு இருந்தது. மூடாத குழாயில் இரண்டு மணி நேரம் இருக்கும் பிளாஸ்மாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், ஃபேக்டர் 8 தானாகவே குறையும். கட்டுப்பாட்டுக் குழாயில் பிளாஸ்மாவுக்குப் பதில் வெறும் பஃபரைச் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) சேர்த்ததால் புரத அளவும் இரு குழாய்களிலும் ஒன்றாக இல்லை. இதனால் இன்ஹிபிட்டரே இல்லாதவருக்கும் 0.5, 0.7 என்று எண் வந்துகொண்டிருந்தது. 1995-ல் நெதர்லாந்தின் நைமெகனில் வெர்ப்ரூகன் குழுவினர் இரண்டு திருத்தம் செய்தார்கள்: நார்மல் பூலை இமிடசோல் சேர்த்து பிஎச் 7.4-ல் நிறுத்தினார்கள், பஃபருக்குப் பதில் ஃபேக்டர் 8 இல்லாத பிளாஸ்மாவைப் பயன்படுத்தினார்கள். இன்று புதிதாக ஆரம்பிக்கிற எந்த ஆய்வகமும் இந்த முறையில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஃபேக்டர் இல்லாத பிளாஸ்மா விலை அதிகம் என்பது உண்மை. நோயாளி பிளாஸ்மாவை நீர்க்க வைக்க 4 சதவீத போவைன் (மாட்டு) ஆல்புமினைப் பயன்படுத்தும் ஆய்வகங்கள் உண்டு, ஆனால் முதலில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாற வேண்டும்.

செய்முறைக்கு வருவோம். ஃபேக்டர் 8 ஏறக்குறைய 100 சதவீதம் உள்ள, பஃபர் சேர்த்த நார்மல் பூலை ஒவ்வொரு குழாயிலும் 200 மைக்ரோலிட்டர் விடுங்கள். கட்டுப்பாட்டுக் குழாயில் 200 மைக்ரோலிட்டர் ஃபேக்டர் 8 இல்லாத பிளாஸ்மா. மற்ற குழாய்களில் சூடாக்கிய நோயாளி பிளாஸ்மா: நேரடியாக ஒன்று, பிறகு 1/2, 1/4, 1/8 என்று இரட்டிப்பாக நீர்த்தவை. முன்பு 100 அலகுக்கு மேல் வந்தவர் என்றால் 1/256, 1/512 வரை போங்கள், பழைய அறிக்கையைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். குழாய்கள் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், மூடி கட்டாயம். 37 டிகிரியில் இரண்டு மணி நேரம். முடிந்ததும் ஐஸில் வைத்து உடனே ஒவ்வொன்றிலும் ஃபேக்டர் 8 அளவு பாருங்கள்.

கட்டுப்பாட்டுக் குழாயில் 50 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும், பாதிப் பாதி கலந்திருக்கிறோம் அல்லவா? அது 35-க்கு இறங்கியிருந்தால் மேற்கொண்டு கணக்குப் போடாதீர்கள். பூல் கெட்டிருக்கிறது அல்லது பிஎச் போயிருக்கிறது.

படி 6: கணக்கு

நோயாளிக் குழாயின் ஃபேக்டர் 8-ஐக் கட்டுப்பாட்டுக் குழாயின் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது மிச்சச் செயல்பாடு. மிச்சம் 100 என்றால் 0 அலகு, 50 என்றால் 1, 25 என்றால் 2. இடைப்பட்டவற்றுக்கு லாக் தாளில் கோடு போடலாம், அல்லது 2-லிருந்து மிச்சச் செயல்பாட்டின் லாக் மதிப்பைக் கழித்து 0.301-ஆல் வகுக்கலாம். வரும் எண்ணை நீர்த்த மடங்கால் பெருக்க வேண்டும். மிச்சம் 25-க்கும் 75-க்கும் இடையில் உள்ள குழாய்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கு வெளியே கோடு நம்பகமாக இராது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கட்டுப்பாட்டுக் குழாய் 48 சதவீதம். நேரடி, 1/2, 1/4 மூன்றிலும் 1-க்குக் கீழே. 1/8-ல் 6, 1/16-ல் 17, 1/32-ல் 29. மிச்சச் செயல்பாடு முறையே 12.5, 35.4, 60.4 சதவீதம். 1/8 வரம்புக்கு வெளியே போய்விட்டது. 1/16-க்கு 1.5 அலகு, 16-ஆல் பெருக்க 24. 1/32-க்கு 0.73, 32-ஆல் பெருக்க 23.3. இரண்டும் ஒத்துப்போகின்றன, 50-க்கு மிக அருகில் உள்ளது 1/32, எனவே 23.3. இதே சாம்பிளை நீர்க்க வைக்காமல் நேரடிக் குழாயை மட்டும் பார்த்திருந்தால், ‘2-க்கு மேல்’ என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது.

நீர்க்க நீர்க்க எண் ஏறிக்கொண்டே போனால்? 1/4-ல் 6 அலகு, 1/8-ல் 9, 1/16-ல் 14 என்று வந்தால் அது இரண்டாம் வகை இன்ஹிபிட்டராக இருக்கலாம். எவ்வளவு இருந்தாலும் ஃபேக்டர் 8-ஐ முழுதாக அழிக்காது, தானாக ஏற்பட்ட ஹீமோபிலியாவில் அதிகம் காணப்படும். இவர்களுக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது தோராயம்தான். 50-க்கு மிக அருகில் உள்ள குழாயின் எண்ணைக் கொடுத்து, நேர்கோட்டில் அமையவில்லை என்று குறிப்பு எழுதுங்கள். அடுத்த முறையும் அதே விதியைப் பின்பற்றினால்தான் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியும்.

படி 7: சின்ன எண்களைச் சந்தேகியுங்கள்

ஃபேக்டர் 8-க்கு 0.6 அலகும் அதற்கு மேலும் பாசிட்டிவ், ஃபேக்டர் 9-க்கு 0.3. 20, 40 என்று வரும் எண்கள் யாரையும் குழப்புவதில்லை. 0.6 முதல் 2 வரையில்தான் சிக்கல். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஹெப்பாரின், பைப்பெட் பிழை எல்லாமே இந்த இடத்தில் இன்ஹிபிட்டர் வேடம் போடும். அந்த எண்ணை அப்படியே அனுப்பாமல், பெதெஸ்டாவின் முடிவில் பார்க்கும் ஃபேக்டர் 8 அளவை ஏபிடிடிக்குப் பதில் குரோமோஜெனிக் முறையில் அளந்து பாருங்கள். ஃபேக்டர் 10ஏ உண்டாகி, அது நிறப்பொருளை வெட்டி, 405 நானோமீட்டரில் தெரியும் நிறத்தை அளப்பது இந்த முறை. லூபஸ் இதைப் பெரும்பாலும் தொடாது. ஒன்-ஸ்டேஜில் 1.1 வந்து குரோமோஜெனிக்கில் ஒன்றுமே இல்லை என்றால், அந்தக் குழந்தைக்கு இன்ஹிபிட்டர் முத்திரை குத்துவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

எலைசா என்ற எதிர்ப்பொருள் பரிசோதனையும் இருக்கிறது. அது ஃபேக்டர் 8-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளையும், ஒட்டிக்கொள்ளும் ஆனால் தடுக்காத எதிர்ப்பொருளையும் சேர்த்தே காட்டும். அதனால் எலைசா பாசிட்டிவ் மட்டும் வந்தால் இன்ஹிபிட்டர் என்று எழுத முடியாது, பெதெஸ்டாவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எந்த வழியில் பாசிட்டிவ் வந்தாலும் ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் புதிய சாம்பிளில் மறுபடி உறுதி செய்ய வேண்டும். பழைய குழாயில் மிச்சமிருந்ததை மறுபடி ஓட்டினால் அது உறுதிப்படுத்தல் ஆகாது.

ஃபேக்டர் 9 பற்றி

செய்முறை ஏறக்குறைய அதேதான், ஃபேக்டர் 9 இல்லாத பிளாஸ்மாவும் ஃபேக்டர் 9 அளவும் வேண்டும். இந்த இன்ஹிபிட்டர் கலந்த உடனே வேலையைக் காட்டிவிடும், மிக்சிங்கில் இரண்டு மணி நேர வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் ஆபத்தில் குறைவில்லை: இந்த நோயாளிகளில் சிலருக்கு ஃபேக்டர் 9 ஏற்றும்போதே கடும் ஒவ்வாமை வரும். பாசிட்டிவ் வந்ததும் அறிக்கை அச்சாகும் வரை காத்திராமல் மருத்துவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

படி 8: அறிக்கை

எண்ணை மட்டும் அனுப்புவது அரைகுறை வேலை. எந்த முறை, சூடாக்கியதா, முடிவில் ஃபேக்டர் 8-ஐ அளந்தது ஒன்-ஸ்டேஜா குரோமோஜெனிக்கா, கடைசி ஃபேக்டர் டோஸ் எப்போது, எமிசிசுமாப் உண்டா என்பதெல்லாம் எண்ணுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். நெகட்டிவ் என்றால் ‘0’ என்று போடாமல் ‘0.6-க்குக் கீழ்’ என்று எழுதுங்கள்.

பெற்றோருக்கு: 5 அலகு ஒரு முக்கியமான எல்லை. அதற்குக் கீழே என்றால் அதிக அளவு ஃபேக்டர் 8 கொடுத்தே சமாளிக்க வாய்ப்பு உண்டு. மேலே போனால் ஃபேக்டர் 7ஏ, ஏபிசிசி போன்ற, ஃபேக்டர் 8 இல்லாமலே ரத்தத்தை உறைய வைக்கும் சுற்றுவழி மருந்துகள் தேவைப்படும். இன்று 2 என்று இருந்தாலும் எப்போதாவது 5-ஐத் தாண்டியிருந்தால், மறுபடி ஃபேக்டர் 8 பட்டதும் நாலைந்து நாளில் ஏறிவிடக்கூடும். அதனால்தான் மருத்துவர் பழைய அறிக்கைகளையெல்லாம் கேட்கிறார், ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். இன்ஹிபிட்டரைப் போக்குவதற்கான சகிப்புச் சிகிச்சையை எண் 10-க்குக் கீழே இறங்கியபின் ஆரம்பித்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அது பலித்ததா என்று பார்க்க பெதெஸ்டா நெகட்டிவ் ஆனது மட்டும் போதாது, போட்ட ஃபேக்டர் எதிர்பார்த்ததில் 66 சதவீதமாவது ஏறுகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் அளப்பார்கள்.

தரக் கட்டுப்பாடு

ஒவ்வொரு முறையும் ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ் கட்டுப்பாட்டுச் சாம்பிள் கூடவே ஓட வேண்டும். விலைக்கு வாங்க முடியாவிட்டால், அதிக அலகுள்ள நோயாளியின் பிளாஸ்மாவை அவர் ஒப்புதலோடு வாங்கி, 1 அலகை ஒட்டி வருமாறு ஃபேக்டர் 8 இல்லாத பிளாஸ்மாவில் நீர்த்து, சிறு குழாய்களில் மைனஸ் 70-ல் வைத்துக்கொள்ளலாம். 20 அலகு கட்டுப்பாடு எப்போதும் சரியாகத்தான் வரும், முறை தடம் புரள்வதை 1 அலகு கட்டுப்பாடுதான் காட்டும்.

ஒரே பிளாஸ்மாவைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பினால் பெதெஸ்டா எண்கள் வியப்பூட்டும் அளவுக்கு வேறுபடும். வேலூர் சிஎம்சி உறைதல் பரிசோதனைகளுக்கு வெளித் தர மதிப்பீட்டுத் திட்டம் நடத்துகிறது, அதில் சேருவது நம் ஊர் ஆய்வகங்களுக்கு எளிது. நோயாளியையும் முடிந்தவரை ஒரே ஆய்வகத்திலேயே தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இடம் மாறினால் முதல் முறை இரண்டு இடத்திலும் ஒரே நாள் சாம்பிளைக் கொடுத்து ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.